இன்க்ரிமென்டல் பேக்கப்: எந்தக் கோப்பை எடுக்கும், எதை விட்டுவிடும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நேற்று ராத்திரி பேக்கப் ஓடியது, பச்சை டிக்கும் வந்தது. தேடினால் அந்தக் கோப்பு மட்டும் உள்ளே இல்லை." என்னிடம் அடிக்கடி வரும் புலம்பல் இது. இதற்கு நேர் எதிரான புலம்பலும் உண்டு: "ஒன்றையுமே தொடவில்லை, அப்புறம் ஏன் அத்தனையையும் மறுபடி ஏற்றுகிறது?" ஒரு கோப்பு மாறியதா இல்லையா என்று மென்பொருள் எதை வைத்துத் தீர்மானிக்கிறது என்பது தெரிந்தால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும்.

இன்க்ரிமென்டல், டிஃபரென்ஷியல் இரண்டும் ஒன்றா?

இல்லை. முதலில் ஒரு முழு பேக்கப் எடுக்கிறீர்கள். அதன் பிறகு ஒவ்வொரு முறையும், முந்தைய பேக்கப்புக்குப் பின் மாறியதை மட்டும் எடுத்தால் அது இன்க்ரிமென்டல். எப்போதும் அந்த முழு பேக்கப்போடு ஒப்பிட்டு, அதன் பின் மாறிய எல்லாவற்றையும் எடுத்தால் டிஃபரென்ஷியல். முன்னது சிறியது, ஆனால் மீட்கும்போது சங்கிலியின் எல்லாக் கண்ணிகளும் கையில் இருக்க வேண்டும். பின்னது நாளாக ஆகப் பெருத்துக்கொண்டே போகும், மீட்க இரண்டே போதும்.

யூனிக்ஸின் பழைய டம்ப் கட்டளை இரண்டையும் ஒரே ஏற்பாட்டுக்குள் அடக்கிவிட்டது. அதில் 0 முதல் 9 வரை நிலைகள். 0 என்றால் முழுவதும். வேறு எந்த எண்ணைக் கொடுத்தாலும், அதைவிடக் குறைந்த நிலையில் கடைசியாக எடுத்த பேக்கப்புக்குப் பின் மாறியவை.

ஒரு கோப்பு மாறியிருக்கிறது என்று மென்பொருளுக்கு எப்படித் தெரிகிறது?

உண்மையில் தெரியாது. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் கோப்பை முதலிலிருந்து கடைசி வரை படித்து, பழைய நகலோடு ஒப்பிட வேண்டும். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டிபி தரவைப் படித்து முடிக்க ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம் ஆகும். தினமும் அப்படிப் படிப்பதாக இருந்தால் இன்க்ரிமென்டல் என்ற பெயருக்கே அர்த்தமில்லை.

அதனால் மென்பொருள் கோப்பைத் திறக்காமல், வெளியே ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது: ஒரு கொடி, ஒரு தேதி, பைட் கணக்கில் அளவு, கோப்பு முறைமை (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஏற்பாடு) கொடுத்த ஐநோடு எண், அதாவது கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவின் எண், அல்லது இயங்குதளம் வைத்திருக்கும் மாற்றப் பதிவேடு. இவை ஒவ்வொன்றும் ஒரு சாட்சி. ஒவ்வொரு சாட்சியும் ஏதாவது ஒரு சந்தர்ப்பத்தில் பொய் சொல்லும்.

ஆர்கைவ் பிட் என்கிறார்களே, அது என்ன?

டாஸ் காலத்திலிருந்து விண்டோஸில் இருந்துவரும் ஒற்றை பிட் கொடி. கோப்பு உருவானாலும், அதில் ஏதாவது எழுதினாலும் இயங்குதளம் அந்தக் கொடியை ஏற்றிவிடும். பேக்கப் மென்பொருள் கொடி ஏறியிருக்கும் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, எடுத்ததும் கொடியை இறக்கிவிடும். டிஃபரென்ஷியல் என்றால் இறக்காமல் அப்படியே விட்டுவிடும். அவ்வளவுதான் வித்தியாசம். விண்டோஸில் நகலெடுக்கும் எக்ஸ்காப்பி, ரோபோகாப்பி கட்டளைகளில் இன்றும் இதைப் பார்க்கலாம்: 'ஏ' ஸ்விட்ச் (கட்டளையோடு சேர்க்கும் குறி) கொடியைப் பார்த்து எடுக்கும், இறக்காது, 'எம்' ஸ்விட்ச் எடுத்த பிறகு இறக்கும்.

கேட்க நன்றாகத்தானே இருக்கிறது. பிறகு ஏன் அதை நம்பாதே என்கிறார்கள்?

கொடி ஒன்றுதான், இறக்குகிற கைகள் பல. இரவு 10 மணிக்கு ஒரு மென்பொருள் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு எடுக்கிறது, 11 மணிக்கு இன்னொன்று சர்வருக்கு எடுக்கிறது என்று வையுங்கள். இரண்டும் ஆர்கைவ் பிட்டை நம்பினால், பத்து மணிக்காரர் எல்லாக் கொடியையும் இறக்கிவிட்டுப் போயிருப்பார். பதினொரு மணிக்காரருக்கு எதுவுமே மாறாததுபோல் தெரியும். அவருடைய அறிக்கையிலும் பச்சை டிக்தான்!

அப்புறம், ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றினால் அதற்குள் இருக்கும் கோப்புகளின் கொடி ஏறாது. அவற்றை யாரும் தொடவில்லையே. பேக்கப்பில் அந்தப் புதிய பெயரே இருக்காது. அட்ரிப் கட்டளை தெரிந்த யாரும் கொடியை ஏற்றவோ இறக்கவோ முடியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் புதிதாக ஓர் ஏற்பாடு செய்கிறவர் இதைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை என்பது என் கருத்து.

கடைசி பேக்கப் தேதிக்குப் பிறகு மாறிய கோப்புகளை எடுத்தால் போதாதா?

எல்லோரும் முதலில் எழுதும் ஸ்கிரிப்ட் இதுதான். நானும் எழுதினேன். கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளை, 'இதைவிடப் புதியது' என்று ஒரு நிபந்தனை, கிடைத்ததை ஒரே கட்டாகக் கட்டும் டாருக்கு அப்படியே ஒரு குழாய். பல மாதம் அழகாக ஓடியது. பிறகு ஒருநாள் ஒரு ஜிப் கோப்பைப் பிரித்து, அதிலிருந்த பழைய படங்களை ஒரு ஃபோல்டரில் போட்டேன். ஜிப்பைப் பிரிக்கும்போது கோப்புகளின் பழைய தேதி அப்படியே திரும்ப வரும். கோப்பு டிஸ்க்குக்கு வந்தது இன்று, மாற்றிய தேதியோ இரண்டு வருடம் முந்தையது. ஸ்கிரிப்ட் அதைப் பார்த்து "இது பழசு" என்று தாண்டிவிட்டது, அன்றும் அதற்குப் பிந்தைய எல்லா இரவுகளிலும். டிஸ்க் படுத்த நாளில்தான் எனக்குத் தெரிந்தது.

டாரைப் பிரித்தாலும், எக்ஸ்ப்ளோரரில் நகலெடுத்தாலும், யூனிக்ஸில் வேறிடத்திலிருந்து நகர்த்திக் கொண்டுவந்தாலும் இதே கதைதான். விண்டோஸில் ஒரு கோப்பின் உருவான தேதி மாற்றிய தேதிக்குப் பிந்தியதாகத் தெரிகிறதா? இப்படி நகலாகி வந்த கோப்பாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. பேக்கப் 10:00க்குத் தொடங்கி 10:40க்கு முடிகிறது. ஒரு கோப்பை அது 10:05க்கு எடுத்துவிட்டது. நீங்கள் 10:20க்கு அதைத் திருத்துகிறீர்கள். 'கடைசி பேக்கப் நேரம்' என்று முடிந்த நேரத்தை, அதாவது 10:40ஐக் குறித்து வைத்தால், நாளைக்கு 10:20 என்பது 'ஏற்கெனவே எடுத்தாயிற்று' என்ற பக்கம் விழும். அந்தத் திருத்தம் என்றைக்கும் சேராது. தேதியை வைத்துத்தான் எடுப்பேன் என்றால் தொடங்கிய நேரத்தையாவது குறியுங்கள்.

சரி, நல்ல மென்பொருள்கள் என்ன செய்கின்றன?

"புதியதா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "நான் போன முறை எழுதி வைத்ததிலிருந்து வேறுபடுகிறதா?" என்று கேட்கின்றன. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

ஒவ்வொரு பேக்கப்பின்போதும் ஒரு பட்டியல் எழுதப்படும். ஒரு வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'கணக்கு/மார்ச்.ஓடிஎஸ், அளவு 48,212 பைட், மாற்றிய நேரம் 14 மார்ச் 18:02:41.337, ஐநோடு 917406'. அடுத்த முறை அதே பாதையில் இருக்கும் கோப்பின் விவரத்தைக் கேட்டு, இந்த வரியோடு ஒப்பிடும். எல்லாம் பொருந்தினால் தாண்டிவிடும். ஒன்று பொருந்தாவிட்டாலும் எடுக்கும். தேதி முன்னால் போயிருந்தாலும் சரி, பின்னால் போயிருந்தாலும் சரி, வேறாக இருந்தால் போதும். பட்டியலிலேயே இல்லாத பாதை என்றால் கேள்வியே இல்லை, அது புதியது. மேலே நான் சொன்ன ஜிப் விபத்து இங்கே நடக்காது.

1996இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மக்கெராஸும் வெளியிட்ட ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி இதை இன்னும் எளிதாகச் செய்கிறது. அதற்குத் தனிப் பட்டியலே இல்லை. மறுமுனையில் இருக்கும் நகலின் அளவையும் மாற்றிய நேரத்தையுமே பட்டியலாக எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் நேரத்தைக் காப்பாற்றும் 'டி' ஸ்விட்ச், அல்லது அதை உள்ளடக்கிய 'ஏ' ஸ்விட்ச், இல்லாமல் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் எல்லாக் கோப்பும் மாறியதாகவே அதற்குத் தெரியும். குனு டார் தன் பட்டியலை ஸ்னாப்ஷாட் கோப்பு என்று தனியாக வைத்திருக்கும். அது தொலைந்துவிட்டால் அடுத்தது முழு பேக்கப்தான்.

எம்டைம், சிடைம் என்கிறார்களே, எதைப் பார்ப்பது?

யூனிக்ஸ் வகைக் கோப்பு முறைமைகளில் எம்டைம் என்பது உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம். அதை டச் கட்டளையாலேயே எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். சிடைம் என்பது கோப்பின் ஐநோடு கடைசியாக மாறிய நேரம்: உள்ளடக்கம், அனுமதி, உரிமையாளர், எம்டைம், எது மாறினாலும் சிடைமும் நகரும். பலர் இதை உருவான நேரம் என்று நினைக்கிறார்கள், அது வேறு. சிடைமை நமக்கு வேண்டிய மதிப்புக்கு மாற்ற வழக்கமான கட்டளை எதுவும் கிடையாது, கணினியின் கடிகாரத்தையே திருப்பினால்தான் உண்டு. சாட்சிகளில் விலைக்கு வாங்கக் கடினமானவர் இவர்தான்.

போர்க் என்ற பேக்கப் மென்பொருளின் இயல்பான அமைப்பு சிடைம், அளவு, ஐநோடு ஆகிய மூன்றையும் பார்க்கும். ரெஸ்டிக் என்ற இன்னொரு பேக்கப் மென்பொருள் லினக்ஸில் எம்டைமையும் சேர்த்து நான்கைப் பார்க்கும். இதற்கு ஒரு விலை உண்டு: ஒரு பெரிய ஃபோல்டரில் உரிமையாளரை மொத்தமாக மாற்றினால் அத்தனை சிடைமும் நகர்ந்துவிடும், மென்பொருள் எல்லாக் கோப்பையும் மறுபடி படிக்கும். படிக்குமே தவிர, உள்ளடக்கம் அதேதான் என்று கண்டுபிடித்து மறுபடி சேமிக்காது. கொஞ்சம் பொறுமை போதும்.

அளவும் தேதியும் அப்படியே இருக்க, உள்ளே மட்டும் மாற முடியுமா?

முடியும். நல்ல உதாரணம், கோப்புகளை மறையாக்கிப் பூட்டி வைக்கும் வெராகிரிப்ட் மென்பொருளின் பெட்டகக் கோப்பு. அதன் அளவு எப்போதும் மாறாது. உள்ளே எழுதினாலும் வெளியே தேதி மாறாமல் காப்பாற்றுவது அதன் இயல்பான அமைப்பு. யாருக்கும் தடயம் தெரியக் கூடாது என்பதற்காகவே அப்படி. அளவையும் எம்டைமையும் மட்டும் பார்க்கும் பேக்கப் மென்பொருளுக்கும் தடயம் தெரியாது. ஒரு வருடமாக ரகசியக் கோப்புகளை அதில் போட்டு வைத்து, பேக்கப்பில் இருப்பது முதல் நாள் பதிப்பு மட்டும் என்று பிறகு கண்டுபிடிப்பவர்கள் உண்டு. அந்த அமைப்பை வெராகிரிப்ட்டிலேயே நிறுத்திவிடலாம்.

இரண்டாவது வழி, ஒரே நொடிக்குள் இரண்டு மாற்றம். கோப்பு முறைமை நேரத்தை முழு நொடியாகத்தான் வைத்திருக்கிறது என்று கொள்ளுங்கள். 10:00:00இல் ஒரு நிரல் எழுதுகிறது, அதே நொடியில் பேக்கப் அதைப் படிக்கிறது, அதே நொடியில் நிரல் மறுபடி அதே அளவுக்கு எழுதுகிறது. பட்டியலில் இருப்பதும் 10:00:00, கோப்பில் இருப்பதும் 10:00:00. இனி யாராவது அதைத் தொடும்வரை வேறுபாடு தெரியவே தெரியாது. போர்க் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறது: அந்த ஓட்டத்தில் பார்த்தவற்றிலேயே மிகப் புதிய நேரமுள்ள கோப்பைத் தன் பட்டியலில் சேர்க்காது. அதனால் தொடாத ஒரு கோப்பு அடுத்த முறையும் 'சேர்க்கப்பட்டது' என்று காட்டும். பயனர்கள் அதைப் பிழை என்று நினைத்துப் புகார் செய்கிறார்கள், முன்ஜாக்கிரதைதான்.

மூன்றாவது, கோப்பைத் திறந்தே வைத்திருக்கும் நிரல்கள். விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸில், எழுதுவதற்காகத் திறந்தவர்கள் எல்லோரும் மூடும்வரை மாற்றிய நேரம் முழுதாகப் புதுப்பிக்கப்படாமல் இருக்கலாம்.

எதையும் தொடவில்லை. ஆனால் எல்லாவற்றையும் மறுபடி எடுக்கிறது. ஏன்?

முதலில் டிஸ்க்கின் கோப்பு முறைமையைப் பாருங்கள். பென் டிரைவுகளில் காணப்படும் பழைய ஃபாட் முறைமை மாற்றிய நேரத்தை இரண்டு நொடிக் கணக்கில்தான் வைக்கும், அதாவது இரட்டைப்படை நொடிகள் மட்டுமே. என்டிஎஃப்எஸ் 100 நானோநொடி வரை வைக்கும். என்டிஎஃப்எஸ்ஸில் 10:15:07 என்றிருக்கும் கோப்பை பென் டிரைவுக்கு நகலெடுத்தால் அங்கே 07 என்ற நொடியே இருக்க முடியாது. ஒப்பிட்டால் வேறுபாடு, மறுபடி நகல், மறுபடி வேறுபாடு. ஆர்சிங்கில் 'மாடிஃபை விண்டோ' என்ற அமைப்பில் 1 என்று கொடுத்தால் ஒரு நொடி வித்தியாசத்தைப் பொருட்படுத்தாது. ரோபோகாப்பியில் இதற்கு 'எஃப்எஃப்டி' ஸ்விட்ச்.

சரியாக ஒரு மணி நேரம் தள்ளியிருக்கிறதா? ஃபாட் உள்ளூர் நேரத்தையே எழுதி வைக்கும். கோடை நேரம் மாறும் நாடுகளில், வருடத்தில் இரண்டு முறை அத்தனை கோப்புகளும் ஒரு மணி நேரம் இடம் மாறியதுபோல் தெரியும். ரோபோகாப்பியில் இதற்கும் ஒரு ஸ்விட்ச் உண்டு, 'டிஎஸ்டி'.

நெட்வொர்க் வழியாக இணைத்த ஃபோல்டரா? சில நெட்வொர்க் முறைமைகள் ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் புது ஐநோடு எண் கொடுக்கும். அப்படியானால் ஐநோடைப் பார்க்காதே என்று மென்பொருளிடம் சொல்லிவிடலாம். போர்க், ரெஸ்டிக் இரண்டிலும் அதற்கு அமைப்பு இருக்கிறது.

கடைசியாக, பாதை மாறியிருக்கலாம். போன முறை இ டிரைவாக இருந்தது இந்த முறை எஃப் டிரைவாக ஏறியிருந்தால், பட்டியலைப் பொறுத்தவரை அத்தனையும் புதுக் கோப்புகள்.

அப்படியானால் ஹாஷ் போட்டு உள்ளடக்கத்தையே ஒப்பிடுவதுதான் பாதுகாப்பானதா?

பெரும்பாலும் ஆம், ஆனால் எதிர்பாராத ஒரு பக்கமும் இருக்கிறது.

ஹாஷ் என்பது உள்ளடக்கம் முழுவதையும் படித்துக் கணக்கிடும், கைரேகை போன்ற ஓர் எண். ஷா-256 போன்ற ஹாஷ் கணக்கிட்டால் அளவு, தேதி எதையும் நம்ப வேண்டாம். ஆர்சிங்கில் 'செக்சம்' ஸ்விட்ச், ரெஸ்டிக்கில் 'ஃபோர்ஸ்' ஸ்விட்ச். செலவு, முன்பே சொன்னதுபோல், எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். நான் வார நாட்களில் சாதாரணச் சோதனையும், மாதம் ஒருமுறை முழுப் படிப்பும் என்று வைத்திருக்கிறேன்.

இப்போது அந்த இன்னொரு பக்கம். டிஸ்க்கின் ஒரு மூலை கெட்டுப்போய், ஒரு படத்தில் சில பைட்டுகள் தானாக மாறிவிட்டன என்று வையுங்கள். யாரும் எழுதவில்லை, அதனால் தேதியும் அளவும் அப்படியே. சாதாரணச் சோதனை "மாறவில்லை" என்று தாண்டிவிடும், பேக்கப்பில் இருக்கும் நல்ல பிரதி பத்திரமாக இருக்கும். ஹாஷ் சோதனையோ "ஓ, மாறியிருக்கிறதே" என்று கெட்டுப்போன பிரதியைப் புதிய பதிப்பாக எடுத்து வைக்கும். பழைய பதிப்புகளை 30 நாள் மட்டும் வைத்திருக்கும் ஏற்பாடு என்றால், 31ஆம் நாள் நல்ல பிரதி குப்பைக்குப் போய்விடும். தேதி மாறாமல் ஹாஷ் மட்டும் மாறியிருந்தால் அதை மாற்றம் என்று எடுத்துக்கொள்ளாமல் எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டு கத்தும் மென்பொருள்தான் எனக்குப் பிடித்தது. அப்படிக் கத்துபவை குறைவு.

கோப்பின் பெயரை மாற்றினால்?

பாதையை வைத்துப் பட்டியலிடும் மென்பொருளுக்கு அது ஒரு அழிப்பும் ஒரு புதுவரவும். 40 ஜிபி வீடியோ ஃபோல்டரின் பெயரில் ஒரு எழுத்தைத் திருத்தினால் 40 ஜிபியும் மறுபடி போகும். உள்ளடக்கத்தைத் துண்டுகளாக ஹாஷ் போட்டு வைக்கும் ரெஸ்டிக், போர்க் போன்றவை அந்த 40 ஜிபியைப் படிக்கும், ஆனால் துண்டுகள் ஏற்கெனவே இருப்பதால் அனுப்பாது. குனு டாரின் ஸ்னாப்ஷாட் கோப்பு ஃபோல்டர்களின் ஐநோடு எண்ணையும் வைத்திருப்பதால், ஃபோல்டர் பெயர் மாறியதை அடையாளம் கண்டுகொள்ளும்.

அழித்த கோப்புகளை எப்படி நினைவில் வைக்கிறது?

இல்லாத ஒன்றுக்குக் கொடியும் கிடையாது, தேதியும் கிடையாது. பட்டியல் இருந்தால் மட்டுமே "போன முறை இருந்தது, இந்த முறை இல்லை" என்று சொல்ல முடியும். வெறும் தேதி பார்க்கும் ஸ்கிரிப்ட்டில் முழு பேக்கப்பையும் அதன்மேல் இன்க்ரிமென்டல்களையும் வரிசையாகப் பிரித்தால், நீங்கள் எப்போதோ அழித்தவை எல்லாம் எழுந்து வந்து நிற்கும். குனு டார் இன்க்ரிமென்டல் முறையில் பிரிக்கும்போது, அந்த நாளில் ஃபோல்டரில் இல்லாத கோப்புகளை நீக்கிவிடும். சரியான நடத்தைதான், ஆனால் தெரியாமல் வேலை செய்யும் ஃபோல்டரின் மேலேயே பிரித்தால் வயிறு கலங்கும். எப்போதும் காலி இடத்தில் பிரியுங்கள்.

பெரிய கோப்பில் ஒரு வரி மாறினால் முழுக் கோப்பும் மறுபடி போகுமா?

மென்பொருளைப் பொறுத்தது. பழைய வகை, முழுக் கோப்பையும் எடுக்கும். அடுத்த வகை, கோப்பைச் சம அளவுக் கட்டங்களாக வெட்டி, மாறிய கட்டத்தை மட்டும் எடுக்கும். இதில் ஒரு சிக்கல்: கோப்பின் தொடக்கத்தில் ஒரே ஒரு எழுத்தைச் செருகினால் பின்னால் உள்ள எல்லாம் ஒரு பைட் தள்ளிப்போய், எந்தக் கட்டமும் பழையதோடு பொருந்தாது.

இதற்குத்தான் உள்ளடக்கத்தைப் பார்த்து வெட்டும் முறை வந்தது. ஒரு சின்னச் சன்னலைக் கோப்பின்மேல் பைட் பைட்டாக நகர்த்திக்கொண்டே ஒரு உருளும் ஹாஷைக் கணக்கிடுவார்கள். அந்த மதிப்பு ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு வரும் இடத்தில் வெட்டு. வெட்டும் இடத்தைத் தீர்மானிப்பது அங்கே இருக்கும் உள்ளடக்கம்தான், தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்பது இல்லை. எனவே முன்னால் ஒரு எழுத்துச் செருகினால் அந்த ஒரு துண்டு மட்டும் மாறும். அடுத்த வெட்டு பழைய இடத்திலேயே விழும். ரெஸ்டிக்கில் ஒரு துண்டின் சராசரி அளவு ஏறக்குறைய 1 எம்பி, போர்க்கின் இயல்பான அமைப்பில் 2 எம்பி.

சுருக்கிய அல்லது மறையாக்கம் செய்த கோப்புகளில் இந்த வித்தை பலிக்காது. உள்ளே ஒரு எழுத்து மாறினால் அதற்குப் பின்வரும் பைட்டுகள் பெரும்பாலும் முற்றிலும் வேறாகிவிடும். தினமும் ஜிப் செய்து அந்த ஜிப்பை பேக்கப் எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சுருக்குவதை பேக்கப் மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.

சில மென்பொருள்கள் பல லட்சம் கோப்புகளைச் சில நொடியில் முடித்துவிடுகின்றனவே?

அவை கோப்புகளைச் சுற்றி வருவதே இல்லை. இயங்குதளம் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் நாட்குறிப்பைப் படிக்கின்றன. விண்டோஸ் 2000 முதல் என்டிஎஃப்எஸ்ஸில் யுஎஸ்என் ஜர்னல் இருக்கிறது: எந்தக் கோப்புக்கு என்ன நடந்தது என்ற வரிசை எண்ணிட்ட பதிவு. "போன முறை இந்த எண்ணில் விட்டேன், அதன் பிறகு என்ன?" என்று கேட்டால் போதும். மேக்கில் 2007இல் டைம் மெஷினோடு எஃப்எஸ்ஈவென்ட்ஸ் வந்தது. அது முதலில் "இந்த ஃபோல்டருக்குள் ஏதோ மாறியது" என்ற அளவுக்குத்தான் சொன்னது. மென்பொருள் அந்த ஃபோல்டரை மட்டும் துழாவும். லினக்ஸின் ஐநோட்டிஃபை 2005இல் வந்தது. ஆனால் அது நாட்குறிப்பு எழுதாது. கேட்டுக்கொண்டிருக்கும் நிரலுக்கு மட்டும் சொல்லும். நிரல் ஓடாத நேரத்தில் நடந்தது காற்றோடு போயிற்று.

ஜர்னலுக்கும் அளவு உண்டு, நிரம்பினால் பழைய பக்கங்கள் போய்விடும். இரண்டு மாதம் பேக்கப் எடுக்காமல் விட்டு, பிறகு செருகினால் மென்பொருள் தான் விட்ட எண்ணைத் தேடும், கிடைக்காது, முழுச் சுற்றுக்குப் போகும். அது சரியான நடத்தை. வேறு இயங்குதளத்தில் அந்த டிஸ்க்கைச் செருகி எழுதியிருந்தால், அந்த மாற்றங்கள் ஜர்னலில் ஏறாமல் போயிருக்கலாம். எனவே ஜர்னலை நம்பும் மென்பொருளிலும் இடையிடையே ஒரு முழுச் சுற்று ஓட வேண்டும்.

மெய்நிகர் கணினி, இசட்எஃப்எஸ் இவற்றில் எப்படி?

அங்கே கோப்பு என்ற பேச்சே இல்லை, டிஸ்க்கின் கட்டங்கள்தான் கணக்கு. மெய்நிகர் கணினிகளை (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகளை) நடத்தும் விஎம்வேரில் விஸ்பியர் 4.0 முதல், ஹைப்பர்-வியில் விண்டோஸ் சர்வர் 2016 முதல், எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டது என்று மேலிருந்தே குறித்து வைக்கும் வசதி இருக்கிறது. இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை இன்னும் நேர்த்தி: ஒவ்வொரு கட்டத்தின் சுட்டியிலும் அது பிறந்த பரிவர்த்தனை எண் இருக்கும். இரண்டு ஸ்னாப்ஷாட்டுக்கு (ஒரு கணத்தில் உறையவைத்த டிஸ்க்கின் படம்) இடையே மாறியதைத் தேடும்போது, ஒரு கிளையின் பிறப்பு எண் பழையதாக இருந்தால் அதற்குக் கீழே இறங்கவே தேவையில்லை. கடிகாரத்தை நம்புவதே கிடையாது. ஆனால் கட்டத்தைப் பார்ப்பவருக்குக் கோப்பு தெரியாது: மெய்நிகர் கணினிக்குள் டிஃப்ராக் ஓட்டினால் பயனுள்ள ஒரு எழுத்தும் மாறாமலே பேக்கப் வீங்கிவிடும்.

திறந்திருக்கும் கோப்பும் டேட்டாபேஸும்?

டிஸ்க்கை அந்தக் கணத்தில் உறையவைக்கும் வசதிகள் இருக்கின்றன: விண்டோஸில் ஷேடோ காப்பி, லினக்ஸில் எல்விஎம், பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட். முதலில் உறையவைத்து, பிறகு அந்த உறைந்த படத்திலிருந்து எடுக்க வேண்டும். டேட்டாபேஸ் என்றால் அதன் சொந்தக் கருவியையே பயன்படுத்துங்கள். 2024இல் வந்த போஸ்ட்கிரெஸ் 17இல் இன்க்ரிமென்டல் வசதியே உள்ளே இருக்கிறது.

விலக்கு விதி போட்டிருக்கிறேன். வேண்டியதும் சேர்ந்து போய்விட்டது. எப்படி?

மாற்றச் சோதனைக்கு முன்பே விலக்கு விதிகள் வேலை செய்துவிடும்; விலக்கிய கோப்பு மாறியதா என்று யாரும் பார்க்கப் போவதில்லை. ஆர்சிங்கில் முதலில் பொருந்தும் விதி வெல்லும். நிரல் பதிப்புகளைக் காக்கும் கிட் கருவியின் விலக்குப் பட்டியல் பாணியில் கடைசியாகப் பொருந்துவது வெல்லும். ஒன்றில் பழகியவர் இன்னொன்றில் அதே வரிசையை எழுதினால் அர்த்தம் தலைகீழாகும். அதோடு, ஒரு ஃபோல்டரையே விலக்கிவிட்டால் அதற்குள் இருக்கும் ஒன்றை மட்டும் சேர் என்று சொல்வது இரண்டிலும் எடுபடாது. உள்ளே நுழைந்தால்தானே பார்ப்பதற்கு.

மேக்கில் டைம் மெஷினுக்கான ஒருவகை விலக்குக் குறி கோப்பின் மேலேயே ஒட்டிக்கொண்டு, நகர்த்தினாலும் கூடவே போகும். எங்கோ போட்ட குறி எங்கோ வந்து கடிக்கும்.

ஒன்ட்ரைவ் போன்ற கிளவுட் ஃபோல்டர்களில் இன்னொரு வேடிக்கை. கோப்பு இருப்பதுபோல் தெரியும், அளவும் காட்டும், உள்ளடக்கம் மட்டும் டிஸ்க்கில் இருக்காது. பேக்கப் அதைத் தொட்டால் முழுவதும் இறங்கத் தொடங்கும், அல்லது மென்பொருள் சத்தமில்லாமல் தாண்டிவிடும். எது நடக்கிறது என்று அறிக்கையைப் பாருங்கள்.

நான் பயன்படுத்தும் மென்பொருள் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கையேட்டைப் படிக்கலாம். அதைவிட அரை மணி நேரச் சோதனை மேல். ஒரு காலி ஃபோல்டரில் ஏழெட்டு சின்ன உரைக் கோப்புகளைப் போட்டு ஒரு முழு பேக்கப் எடுங்கள். பிறகு ஒன்றில் சில வரி சேருங்கள். இன்னொன்றில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி, அளவு மாறாமல் பார்த்துக்கொண்டு, டச் கட்டளையால் பழைய தேதியையே திரும்ப வையுங்கள். ஒன்றின் பெயரை மாற்றுங்கள், ஒன்றை அழியுங்கள், ஒன்றின் அனுமதியை மட்டும் மாற்றுங்கள். பழைய தேதியோடு ஒரு ஜிப்பிலிருந்து ஒன்றைப் பிரித்துப் போடுங்கள். கோப்புகள் உள்ள ஒரு துணை ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள்.

இன்க்ரிமென்டல் ஓட்டுங்கள். பிறகு வேறொரு காலி இடத்தில் மீட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜிப்பிலிருந்து வந்தது காணவில்லை என்றால் வெறும் தேதி பார்க்கும் மென்பொருள், இன்றே மாற்றுங்கள். அழித்தது திரும்பி வந்திருந்தால் பட்டியல் இல்லை. துணை ஃபோல்டர் பழைய பெயரிலேயே இருந்தால் ஆர்கைவ் பிட். தேதியைத் திருப்பி வைத்த அந்த ஒரு எழுத்து மட்டும் வரவில்லை, மற்றதெல்லாம் சரி என்றால், அளவும் எம்டைமும் பார்க்கும் சாதாரண வகை. அதோடு நிம்மதியாக இருக்கலாம், வெராகிரிப்ட் பெட்டகம் ஏதும் வைத்திராவிட்டால்.